பல வழங்கிகளில் ஒரே கோப்பு: பதிவேற்றக் கோப்பு ஒத்திசைவின் வரலாறு

பதிவேற்றக் கோப்பு ஒத்திசைவு என்பது, ஓர் இணையதளத்தைப் பல வழங்கிகள் சேர்ந்து இயக்கும்போது, பயனர் அனுப்பும் கோப்பு அவற்றுள் எந்த வழங்கிக்கு வந்து சேர்ந்தாலும், மற்ற எல்லா வழங்கிகளிலும் அதே நிலையில் கிடைக்கச் செய்யும் முறையாகும். கேட்பதற்கு எளிய நகலெடுப்பு வேலைபோலத் தோன்றும் இது, கணினி அறிவியலின் கடினமான சிக்கல்களுள் ஒன்று. இதன் வரலாற்றில் தமிழ்நாட்டுக் கல்வி நிலையங்களில் படித்த இருவருக்கு முதன்மையான இடம் உண்டு.

சிக்கல் எங்கே எழுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டியில் ஒருவர் இ-சேவை மையத்துக்குச் சென்று வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடும்ப அட்டை ஸ்கேன் செய்யப்பட்டுப் பதிவேற்றப்படுகிறது. அத்தளத்தை இரண்டு வழங்கிகள் இயக்குகின்றன. வரும் கோரிக்கைகளைச் சுமைப் பகிர்வி ஒன்று இரண்டுக்கும் மாறிமாறி அனுப்புகிறது. அட்டையின் படம் முதல் வழங்கியின் வட்டில் போய் அமர்கிறது. விண்ணப்பத்தின் விவரம் இரண்டுக்கும் பொதுவான தரவுத்தளத்தில் பதிவாகிறது. மறுநாள் அதைத் திறக்கும் வருவாய்த்துறை அலுவலரின் கோரிக்கை இரண்டாம் வழங்கிக்குச் செல்கிறது. அங்கே கோப்பின் பெயர் இருக்கிறது, கோப்பு இல்லை. ஆவணம் இணைக்கப்படவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். விண்ணப்பித்தவர் மையத்தில் திறந்து பார்த்தால், முதல் வழங்கி பதில் சொல்ல, படம் தெளிவாகத் தெரியும். இருவரும் உண்மையைத்தான் சொல்வார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி நடக்க வேண்டியவர் மட்டும் ஒருவர்.

ஒரே ஆவணத்தின் பல படிகள் ஒத்துப்போக வேண்டும் என்னும் கவலை கணினிக்கு முந்தியது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நிலக் கணக்குகளும் வட்ட அலுவலகக் கணக்குகளும் ஆண்டுக்கு ஒருமுறை வருவாய்த் தீர்வாயத்தில் சரிபார்க்கப்படுகின்றன. மக்கள் இதனை ஜமாபந்தி என்பர். ஜூலை 1 அன்று தொடங்கும் பசலி ஆண்டே அதற்குக் கணக்கு. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. 1887 இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், பல ஊர்களிலிருந்து தேடித் தொகுத்த படிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்துக்கொண்டார். இரண்டு படிகள் வேறுபட்டால் எது மூலத்துக்கு நெருக்கமானது என்ற கேள்விக்கு ஏட்டைப் பார்த்து மட்டும் விடை சொல்ல முடியாது. அந்தப் படி எதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். பின்னர் கணினி அறிஞர்கள் வந்தடைந்த இடமும் ஏறத்தாழ இதுவே.

ஆண்ட்ரூ கோப்பு முறைமை

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம், ஐபிஎம் நிறுவனத்தின் துணையுடன் ஆண்ட்ரூ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வளாகத்தில் எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் ஒருவருக்குத் தம் கோப்புகள் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதற்காக உருவானது ஆண்ட்ரூ கோப்பு முறைமை, சுருக்கமாக ஏஎஃப்எஸ். இதனை வடிவமைத்த குழுவில் முன்னின்றவர்களுள் ஒருவர் மகாதேவ் சத்தியநாராயணன். இவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1975 இல் இளநிலைப் பட்டமும் 1977 இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, 1983 இல் கார்னகி மெலனில் முனைவரானவர்.

அதே காலத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்எஃப்எஸ் வேறு வழியில் சென்றது. அதில் கோப்பு ஒரே இடத்தில் இருக்கும்; வேண்டியவர்கள் வலையமைப்பு வழியே அதைத் தொட்டுப் படிப்பார்கள். ஏஎஃப்எஸ், ஒரு கோப்பைத் திறந்தவுடன் அதன் முழுப் படியையும் பயனரின் கணினிக்கே கொண்டுவந்துவிடும். படி கையில் இருப்பதால் வேகம் உண்டு. ஆனால் மூலம் மாறிவிட்டால்? முதல் பதிப்பில் பயனரின் கணினி ஒவ்வொரு முறையும் வழங்கியிடம் ‘மாறிவிட்டதா’ என்று கேட்டது. பல கணினிகள் இப்படிக் கேட்டதில் வழங்கி திணறியது. அடுத்த பதிப்பில் பொறுப்பு தலைகீழானது: படி கொடுத்த வழங்கியே அதை நினைவில் வைத்துக்கொண்டு, கோப்பு மாறும்போது படி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லி அனுப்பும். சொல்லி அனுப்பும் வரை படி செல்லும். இந்த ஒரு மாற்றமே ஏஎஃப்எஸ் பெரிய அளவில் வளர வழி செய்தது எனலாம்.

1987 இல் சத்தியநாராயணன் தொடங்கிய கோடா என்னும் அடுத்த முறைமை இன்னும் துணிவானது. வலையமைப்பு அறுந்துபோனாலும் பயனர் தம் கோப்புகளில் எழுதிக்கொண்டே இருக்கலாம். தொடர்பு மீண்டதும் முறைமை இருபுறத்தையும் இணைக்கும். அதே இடைவெளியில் இருவர் ஒரே கோப்பை மாற்றியிருந்தால், அதைக் கண்டுபிடித்து மனிதரிடம் ஒப்படைக்கும். எந்தப் படி எந்தப் படியிலிருந்து பிறந்தது என்பதைக் காட்டும் எண்களைக் கோப்புடன் சேர்த்துவைத்ததால் இது முடிந்தது. ஏஎஃப்எஸ்ஸை உருவாக்கிய குழுவுக்கு 2016 ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் முறைமை விருது வழங்கப்பட்டது.

ஒரு தளம், பல வழங்கிகள்

1993 இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கிய என்சிஎஸ்ஏ மையம் மொசைக் உலாவியை வெளியிட்டது. அதைப் பெறுவதற்காகவே உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் அதன் தளத்துக்கு வந்தனர். ஒரே வழங்கியால் தாங்க முடியவில்லை. மையத்தினர் பல கணினிகளை வரிசையாக வைத்து, தளத்தின் பெயரைக் கேட்பவர்களுக்கு அக்கணினிகளின் முகவரிகளைச் சுழற்சி முறையில் தரும்படி பெயர் வழங்கியை மாற்றியமைத்தனர். எல்லாக் கணினிகளும் ஒரே பக்கங்களைக் காட்ட வேண்டுமே. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஏஎஃப்எஸ். 1994 இல் அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பல வழங்கிகள் கொண்ட இணையதள அமைப்பை விவரித்த முன்னோடி ஆவணங்களுள் ஒன்று.

அன்றைய வசதி ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கங்களை எழுதியவர்கள் மையத்தின் ஊழியர்களே. வாசகர் படித்தார், எதையும் அனுப்பவில்லை. ஓர் ஊற்றிலிருந்து பல வாய்க்கால்களுக்கு நீர் போவதைப்போல, மாற்றம் ஒரு திசையில் மட்டுமே சென்றது. 1995 நவம்பரில் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபல், மாசின்டர் ஆகிய இருவர் எழுதிய ஆர்எஃப்சி 1867 என்னும் ஆவணம், உலாவியிலிருந்தே கோப்பைப் பதிவேற்றும் முறையை வரையறுத்தது. ‘கோப்பைத் தேர்வுசெய்க’ என்று இன்று எல்லாப் படிவங்களிலும் காணப்படும் பொத்தானின் பிறப்பு அதுதான். அதன்பிறகு எந்த வாய்க்காலிலும் புதுநீர் சேரலாம் என்றாயிற்று. ஒத்திசைவு உண்மையில் கடினமானது இங்கிருந்துதான்.

ஆர்சிங்க்

1996 ஜூன் 19 அன்று ஆஸ்திரேலியாவின் கான்பராவிலிருந்து ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ஆகியோர் ஆர்சிங்க் என்னும் நிரலை அறிவித்தனர். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வறிக்கையாகவும், பின்னர் 1999 இல் டிரிட்ஜெல்லின் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பகுதியாகவும் அதன் வழிமுறை வெளிவந்தது. இணைப்பு மெதுவாக இருந்த காலம் அது; மாறிய பகுதியை மட்டும் அனுப்ப முடியுமா என்பதே கேள்வி. சிக்கல் என்னவென்றால், பழைய படி ஒரு கணினியிலும் புதிய படி இன்னொன்றிலும் இருக்கின்றன. இரண்டையும் ஓரிடத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை.

டிரிட்ஜெல் கண்ட வழி அழகானது. பழைய படி உள்ள கணினி தன் கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களைக் கணக்கிடுகிறது: ஒன்று விரைவாகக் கணக்கிடத்தக்க 32 பிட் எண், மற்றது நம்பகமான 128 பிட் எண். இந்த எண்களின் பட்டியல் மட்டும் மறுமுனைக்குப் போகிறது. புதிய படி உள்ள கணினி தன் கோப்பின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் தொடங்கும் துண்டுக்கு விரைவு எண்ணைக் கணக்கிட்டு, பட்டியலில் தேடுகிறது. ஒரு பைட் நகரும்போது முழுத் துண்டையும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை. வெளியேறிய பைட்டைக் கழித்து, புதிதாக வந்ததைக் கூட்டினால் போதும். விரைவு எண் பொருந்தினால் மட்டும் நம்பகமான எண்ணால் உறுதிசெய்கிறது. பொருந்திய துண்டுகளுக்கு ‘உன்னிடம் உள்ள ஏழாம் துண்டு’ என்ற குறிப்பும், பொருந்தாதவற்றுக்கு உள்ளடக்கமும் அனுப்பப்படும். நூறு பக்கக் கணக்கேட்டின் நடுவில் ஒரு வரி சேர்ந்தால், அந்த வரியை ஒட்டிய சிறு பகுதி மட்டுமே பயணம் செய்யும்.

ஆயினும் பதிவேற்றக் கோப்புகளுக்கு இந்த நுட்பம் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. பயனர் அனுப்பும் ஒளிப்படம் முற்றிலும் புதியது. அதன் பழைய படி எங்கும் இல்லை. தளங்களை நடத்தியவர்களுக்கு ஆர்சிங்க் உதவியது வேறு காரணத்தால்: அளவும் மாற்றிய நேரமும் ஒத்திருக்கும் கோப்புகளை அது தொடாமல் தாண்டிச் செல்லும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதை ஓடவிட்டால் இரண்டு வழங்கிகளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் வருபவருக்குக் கோப்பு கிடைக்காது. கோப்புகள் பல இலட்சம் ஆகும்போது, பட்டியலைப் பார்த்து முடிக்கவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். 2005 இல் லினக்ஸ் கருவகத்தில் ஐநோட்டிஃபை என்னும் வசதி சேர்க்கப்பட்டது. கோப்பு மாறியவுடன் கருவகமே நிரலுக்குத் தெரிவிக்கும். எல்சிங்க்டி போன்ற கருவிகள் அதைக் கேட்டு ஆர்சிங்க்கை உடனே இயக்கின. தாமதம் நொடிகளாகக் குறைந்தது.

அழித்தல் என்னும் புதிர்

இருவழி ஒத்திசைவில் பலரும் எதிர்பாராத தடை, அழித்தல். முதல் வழங்கியில் ஒரு கோப்பு இருக்கிறது. இரண்டாம் வழங்கியில் இல்லை. இதன் பொருள் என்ன? முதல் வழங்கியில் புதிதாக வந்திருக்கலாம். இரண்டாம் வழங்கியில் அழிக்கப்பட்டிருக்கலாம். இரண்டு வட்டுகளையும் இப்போது எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. முதலாவது என்று கொண்டால், அழித்த கோப்பு மறுபடி உயிர்த்தெழும். தவறான அட்டையை நீக்கிய விண்ணப்பதாரர் அடுத்த நாள் அதே அட்டையைத் தம் விண்ணப்பத்தில் காண்பார். இரண்டாவது என்று கொண்டால், சற்றுமுன் பதிவேற்றிய ஆவணம் சத்தமில்லாமல் மறையும். இது இன்னும் மோசம்.

சென்ற முறை ஒத்திசைத்தபோது நிலை என்னவாக இருந்தது என்று நினைவில் வைத்திருந்தால் மட்டுமே விடை கிடைக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் குழுவினர் உருவாக்கிய யூனிசன் இதைத்தான் செய்தது. ஒவ்வோர் ஒத்திசைவின் முடிவிலும் இருபுற நிலையையும் அது எழுதிவைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தப் பதிவோடு இருபுறத்தையும் ஒப்பிடும். ஒரு புறம் மட்டும் மாறியிருந்தால் அதை மறுபுறம் கொண்டுசெல்லும். இருபுறமும் மாறியிருந்தால் நின்று கேட்கும். ஆர்சிங்க்குக்கு இத்தகைய நினைவு கிடையாது. அதை இரு திசையிலும் மாறிமாறி ஓடவிட்டு ஒத்திசைவு கிடைத்ததாக நம்புவது பலர் செய்யும் பிழை.

குளஸ்டர்: அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவரின் கோப்பு முறைமை

இரண்டாமவர் ஆனந்த் பாபு பெரியசாமி. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்தவர். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் ஈடுபாடு உள்ளவர். அமெரிக்காவின் கலிபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராக இருந்தபோது, லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்துக்கான தண்டர் என்னும் மீக்கணினியை உருவாக்கும் பணியில் பங்கேற்றார். 4,096 இட்டானியம் 2 செயலிகளைக் கொண்ட தண்டர், 2004 ஜூனில் வெளியான உலக மீக்கணினிப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது.

2005 இல் அவரும் ஹிதேஷ் செல்லானியும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். முதலில் இசட் ரிசர்ச் என்று பெயர், பிறகு குளஸ்டர். ‘குனு’ என்பதும் ‘கிளஸ்டர்’ என்பதும் சேர்ந்த பெயர் அது. நிரலாக்கப் பணியின் பெரும்பகுதி பெங்களூரில் நடந்தது. அவர்களது குளஸ்டர்எஃப்எஸ், விலையுயர்ந்த சேமிப்புப் பெட்டிகள் இல்லாமல், சாதாரணக் கணினிகளின் வட்டுகளைச் சேர்த்து ஒரே பெரிய கோப்பு முறைமையாகக் காட்டியது. சிறுசிறு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும் அதன் கட்டமைப்பு, குனு ஹேர்ட் இயங்குதளத்தின் ‘டிரான்ஸ்லேட்டர்’ கருத்திலிருந்து பெறப்பட்டது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பதிந்துவைக்கும் தலைமைப் பதிவேடு அதில் இல்லை என்பது இன்னொரு சிறப்பு. கோப்பின் பெயரிலிருந்தே கணக்கிட்டு இருப்பிடம் அறியப்படும். பதிவேடு இல்லாததால் அது பழுதாகி எல்லாம் நின்றுபோகும் ஆபத்தும் இல்லை.

இணையதளங்களை நடத்துவோர் இதை விரும்பியதற்குக் காரணம் வெளிப்படை. இரண்டு வழங்கிகளிலும் குளஸ்டரை நிறுவி, பதிவேற்றக் கோப்புறையை அதன்மேல் வைத்துவிட்டால், எழுதும் ஒவ்வொரு கோப்பும் அதே நேரத்தில் இருபுறமும் எழுதப்படும். ஒரு வழங்கி பழுதாகி மீண்டால், இடைக்காலத்தில் தவறவிட்டதை மற்றதிடமிருந்து அது தானே பெற்றுக்கொள்ளும். தொலைவில் உள்ள மற்றொரு தரவு மையத்துக்கும் படிகளை அனுப்பலாம். அதற்கு குளஸ்டர் பயன்படுத்தியது பழைய ஆர்சிங்க்கைத்தான்.

குறைகளும் இருந்தன. கோப்பைத் தேடும் ஒவ்வொரு முறையும் எல்லாப் படிகளையும் விசாரிப்பதால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும் தளங்கள் மெதுவாயின. அதைவிடப் பெரிய ஆபத்துக்கு ‘பிளந்த மூளை’ என்று பெயர். இரு வழங்கிகளும் நலமாகவே இருக்கின்றன. இடையில் உள்ள கம்பி மட்டும் அறுந்துவிட்டது. ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டதாக எண்ணித் தன்னிடம் வருவதை எழுதிக்கொள்கிறது. குளஸ்டர் ஒவ்வொரு கோப்புடனும், மறுபுறம் எத்தனை மாற்றங்கள் போய்ச்சேரவில்லை என்ற எண்ணிக்கையை ஒட்டிவைக்கும். கம்பி சரியானதும் பார்த்தால், முதல் படி இரண்டாவதைப் பழையது என்கிறது. இரண்டாவது முதலாவதைப் பழையது என்கிறது. அப்போது குளஸ்டர் எதையும் தராமல் பிழைச் செய்தியைத் தரும். எரிச்சலூட்டும் செயல்தான், ஆனால் தவறான படியை உண்மை என்று கொடுப்பதைவிட இது நேர்மையானது. இரண்டு பேர் மட்டும் உள்ள இடத்தில் பெரும்பான்மைக்கு இடமில்லை என்பதால், 2015 இல் வந்த 3.7 ஆம் பதிப்பு மூன்றாவதாக ஒரு நடுவரைச் சேர்த்தது. நடுவரிடம் கோப்பின் உள்ளடக்கம் இருக்காது. பெயரும் மாற்றக் கணக்கும் மட்டும் இருக்கும். சாட்சி சொல்ல அவ்வளவு போதும்.

2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்குக் குளஸ்டரை வாங்குவதாக அறிவித்தது.

பகிர்ந்த வட்டிலிருந்து பொருள் சேமிப்புக்கு

பெரிய தளங்கள் அதற்குள் கோப்பு முறைமை என்னும் கருத்தையே கைவிடத் தொடங்கியிருந்தன. பதிவேற்றிய ஒளிப்படம் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒருமுறை எழுதப்பட்டுப் பலமுறை படிக்கப்படும். அதற்குக் கோப்புறைகள், பூட்டுகள், அனுமதிகள் என்ற முழு ஏற்பாடு தேவையில்லை. அமேசான் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 சேவை, பெயரைச் சொல்லி வைக்கவும் பெயரைச் சொல்லி எடுக்கவும் மட்டுமே இடம் தந்தது. அதிலும் ஒரு பொருளை மாற்றிய உடனே படித்தால் பழைய படி வரக்கூடிய நிலை நெடுங்காலம் இருந்தது. 2020 டிசம்பரில்தான் எழுதியது உடனே தெரியும் என்ற உறுதி எல்லாச் செயல்களுக்கும் வழங்கப்பட்டது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஹேஸ்டாக் ஆய்வுக் கட்டுரையும், என்எஃப்எஸ் வழியே ஒளிப்படங்களைத் தந்ததில் பட்ட பாட்டை விரிவாகச் சொல்கிறது. அப்போது அவர்களிடம் 26,000 கோடிக்கு மேற்பட்ட படக்கோப்புகள் இருந்தன.

தமிழ் வாசகருக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு விக்கிப்பீடியா. அதன் படங்கள் தொடக்கத்தில் என்எஃப்எஸ் வழியே பகிரப்பட்ட கோப்பு வழங்கிகளில் இருந்தன. அவை நிரம்பவும் திணறவும் தொடங்கியதால், 2012 இல் விக்கிமீடியா நிறுவனம் ஸ்விஃப்ட் என்னும் கட்டற்ற பொருள் சேமிப்பு முறைமைக்கு மாறியது. இன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஆஷ்பர்னிலும் டெக்சாஸ் மாநிலத்தின் கரோல்டனிலும் முதன்மைத் தரவு மையங்கள் உள்ளன. தொப்பம்பட்டியின் குளத்தைப் படமெடுத்து ஒருவர் பொதுவகத்தில் ஏற்றினால், அப்படம் இரண்டு மையங்களிலும் எழுதப்படும். 2018 முதல் இயங்கும் சிங்கப்பூர் இடைச்சேமிப்பு மையம் அதன் மற்றொரு படியை ஆசிய வாசகர்களுக்காக வைத்துக்கொள்ளும். படம் நீக்கப்பட்டால் அந்தப் படிக்கும் செய்தி போக வேண்டும். ஏஎஃப்எஸ் செய்த அதே ‘சொல்லி அனுப்புதல்’, கண்டங்களுக்கு இடையே.

ஆனந்த் பாபு பெரியசாமியும் இத்திசையிலேயே சென்றார். 2014 இல் கரிமா கபூர், ஹர்ஷவர்தனா ஆகியோருடன் அவர் தொடங்கிய மினியோ, எஸ்3 இன் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் பொருள் சேமிப்பு மென்பொருள். அதை எவரும் தம் சொந்த வழங்கிகளிலேயே நிறுவிக்கொள்ளலாம். ரெட் ஹேட், 2014 இல் செஃப் என்னும் போட்டி முறைமையை வளர்த்த இங்க்டாங்க் நிறுவனத்தையும் வாங்கியது. காலப்போக்கில் செஃப் முன்னே சென்றது. 2019 இல் ரெட் ஹேட்டை ஐபிஎம் வாங்கிக்கொண்டதால், ஆண்ட்ரூ திட்டத்துக்குத் துணைநின்ற நிறுவனத்தின் கைக்கே குளஸ்டரும் போய்ச்சேர்ந்தது. ரெட் ஹேட் விற்ற குளஸ்டர் சேமிப்பு மென்பொருளுக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31 உடன் முடிந்தது. மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் அதை இன்றும் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

விக்கிமீடியா 2016 ஏப்ரலில் முதன்முறையாகத் தன் தளங்களை ஒரு தரவு மையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிச் சோதித்தது. அப்போது ஏறத்தாழ அரை மணி நேரம் எவரும் எதையும் தொகுக்க முடியவில்லை. இப்போது ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், இம்மாற்றம் நடைபெறுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோருக்கும் முன்கூட்டியே அறிவிப்பு வரும். தொகுப்பது சில நிமிடங்கள் மட்டும் நிறுத்திவைக்கப்படும்.